ரகத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை இதழில், மாவட்டச் செய்திப் பக்கத்தில், நம் ஊர் விவசாயி ஒருவர் தோட்டத்தில் ஆப்பிள் விளைந்த செய்தியைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். படத்தில் அவர் கையில் இரண்டு பழம், முகம் நிறையச் சிரிப்பு. பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். மாவும் தக்காளியும் ரோஜாவும் போடுகிற மாவட்டத்தில் ஒருவர் துணிந்து ஆப்பிள் நட்டு, அதைக் காய்க்கவும் வைத்திருக்கிறார் என்றால் லேசான காரியமில்லை.

ஆனால் செய்தியில் இரண்டு குறை. 'கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முதல்முறையாக' என்று போட்டிருந்தது ஒன்று. அரைப் பக்கச் செய்தியில் அது என்ன ரகம் என்று ஓர் இடத்தில்கூட இல்லாதது இன்னொன்று. ஆப்பிள் என்ற சொல் பதினோரு தடவை வந்திருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். ரகத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. முதல் குறையையாவது விட்டுவிடலாம். இரண்டாவதை என்னால் விட முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். வெட்ட வேண்டியிருந்தால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், பெயர்களை வெட்டாதீர்கள்.

நான் பிறந்தது போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூர். மாங்கன்று வாங்கியவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். எங்கப்பா ஒட்டுக் கட்டுகிறவர், அதாவது வேர்விட்ட ஒரு கன்றின் மேல் நல்ல ரகத்துக் குச்சியைச் சேர்த்துக் கட்டி ஒரே மரமாக்குகிறவர். விடிந்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் நூறு கன்றுக்குக் குறையாமல் கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாழை நாரைக் கிழித்து நனைத்துக் கொடுப்பது பிள்ளைகள் வேலை. பிளாஸ்டிக் நாடா எல்லாம் பின்னால் வந்தது. யாராவது வந்து 'நூறு மாங்கன்று வேணும்' என்றால், 'மாங்கன்றுன்னு ஒரு கன்று எங்கிட்ட இல்லையேப்பா' என்பார். செந்தூராவா, பெங்களூராவா, நீலமா, மல்கோவாவா, பங்கனப்பள்ளியா, அதைச் சொல்ல வேண்டும். செந்தூரா முந்திக்கொண்டு வரும். நீலம் எல்லாரும் கடை கட்டின பிறகு வரும். பெங்களூராவைக் கூழ் ஆலைக்காரர்கள் லாரியோடு வந்து எடுப்பார்கள். மல்கோவாவை விற்க மனசு வராது. எல்லாம் மாமரம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் வேறு. 'பொண்ணு பார்க்கப் போறவன் எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்காம தாம்பூலம் மாத்துவானா?' என்று வியாபாரியைக் கேட்டு வாயடைக்க வைப்பார்.

கிருஷ்ணகிரியில் வருடா வருடம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறதே, அங்கே உங்கள் நிருபர்களும் வருகிறார்கள். தட்டுக்குத் தட்டு சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். 'மாம்பழம்' என்று ஒரு சீட்டுகூட இருக்காது. நீங்களும் மறுநாள் அந்தப் பெயர்களை வரிசையாகப் போட்டுத்தான் செய்தி வெளியிடுகிறீர்கள். மாவுக்குக் கொடுக்கிற மரியாதையை ஆப்பிளுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

சரி, என் ஆப்பிளுக்கு வருகிறேன்.

1978-ல் எனக்குக் கல்யாணம். தேன்கனிக்கோட்டைத் தாலுகாவில் தளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். 'குட்டி இங்கிலாந்து' என்று பேர் எடுத்த பக்கம். சந்தூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் முதல் மாதம் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில், நான் அதுவரை பார்க்காத மரம் ஒன்று நின்றது. இரண்டு ஆள் உயரம். கிளைகளில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மோந்து பார்த்தால் மாவா, எந்த மா என்று சொல்லிவிடுகிறவள் நான். இதன் இலையைக் கசக்கினேன், ஒரு வாசனையும் இல்லை. 'என்ன மரம் அத்தை?' என்று கேட்டேன். 'பூட்டி மரம்' என்றார் மாமியார்.

மாமனார் வீட்டுப் பூட்டியை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அதுதான் கல்லெல்லாம் கட்டியிருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் இருட்டிய பிறகு கிணற்றடிக்குப் பாத்திரம் கழுவக்கூடப் போகவில்லை.

அப்புறம் மாமா, அதாவது என் மாமனார், விளக்கினார். மரத்தின் பெயர் ரோம் பியூட்டி. இங்கிலீஷ் தெரியாத வீட்டில் அது 'ரோம்பூட்டி' ஆகி, காலப்போக்கில் ரோம் உதிர்ந்து பூட்டி மட்டும் தங்கிவிட்டது. கல் கட்டியது கிளையைப் படுக்க வைக்க. நெட்டுக்குத்தாக நிற்கிற கிளை வளர்ந்துகொண்டே போகும், படுத்த கிளைதான் காய்க்கும்.

மாமா சின்ன வயதில் பெங்களூரை ஒட்டி ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வயதில் போய்ச் சேர்ந்தாராம். பெங்களூரைச் சுற்றி ஆப்பிள் தோட்டம் இருந்தது என்றால் இன்றைக்கு அங்கே இருக்கிறவர்களே நம்ப மாட்டார்கள். இருந்தது. லால்பாக் தோட்டத்தை 1874 முதல் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்ட ஜான் கேமரூன் காலத்தில் சீமைச் செடிகள் பலவும் அந்த வழியாகத்தான் நம் பக்கம் பரவின. சௌசௌ அப்படி வந்ததுதான், அதனால்தான் அதற்கு நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயர் வைத்தோம். ஆப்பிளில் பல ரகம் வந்தாலும் அந்த மண்ணில் பேர் வாங்கியது ரோம் பியூட்டி. ஆப்பிள் மரத்தில் பஞ்சு போல் அப்பிக்கொள்கிற பஞ்சுப் பூச்சி விழுந்து ஒவ்வொரு தோட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1949-ல், துரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மாமா சம்பள பாக்கிக்குப் பதிலாக இரண்டு ஒட்டுக் கன்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஆனேக்கல் வரை வண்டியிலும் அங்கிருந்து தலைச்சுமையாகவும் கொண்டுவந்தாராம். ஒன்று போய்விட்டது, ஒன்று பிழைத்தது.

நடும்போது அந்த மரம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-ல் தர்மபுரி மாவட்டத்துக்கு வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டமானது. ஓர் அடிகூட நகராமல் மூன்று மாவட்டத்தில் காய்த்த மரம். உங்கள் 'முதல்முறையாக'வுக்கு இது பதில், இதோடு அதை விட்டுவிடுகிறேன்.

இனி அதன் குணத்தைச் சொல்கிறேன். ரகம் என்றால் குணம்தானே.

பழம் நல்ல உருண்டை, கைக்கு அடங்கும். காம்பு நீளம், அதனால் காற்றடித்தால் மணி மாதிரி ஆடும். தோல் வழுவழுப்பு, ஆனால் தடிப்பு. என் பேரன் பாதியை மென்று தோலைத் துப்பிவிடுவான். குளிர் நாட்டில் இது முழுக்கச் சிவக்குமாம். எங்கள் ஊரில் வெயில் படுகிற பக்கம் மட்டும் சிவப்புக் கோடு ஓடும், மறுபக்கம் மஞ்சள் கலந்த பச்சையாகவே நின்றுவிடும். உள்ளே சதை கெட்டி, லேசான பால் நிறம். உள்ளதைச் சொன்னால், பச்சையாகத் தின்ன இது பெரிய பழம் இல்லை. புளிப்பும் இனிப்பும் இரண்டும் மட்டு. கடையில் வாங்கும் சிம்லா ஆப்பிளை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் கொடுத்தால் பத்துக் குழந்தையில் ஒன்பது சிம்லாவைத்தான் கடிக்கும். எங்கள் வீட்டு மரம் என்பதற்காக நான் பொய் சொல்லப் போவதில்லை.

அடுப்பில் ஏற்றிப் பாருங்கள், அப்போதுதான் இதன் சங்கதி தெரியும். மற்ற ஆப்பிளைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். இது குழையாது. துண்டு துண்டாகவே நிற்கும், பாகை உள்ளே இழுத்துக்கொள்ளும், புளிப்பு அப்போதுதான் மேலே வரும். துரை வீட்டுச் சமையல்காரர் முழுப் பழத்தின் நடுவைக் குடைந்து, சர்க்கரையும் வெண்ணெயும் அடைத்துக் கணப்பில் சுடுவதை மாமா பார்த்திருக்கிறார். அதை வந்து அத்தையிடம் சொல்ல, அத்தை தன் போக்கில் மாற்றிக்கொண்டார். விதையைக் குடைந்து எடுத்த குழியில் தட்டிய வெல்லம், ஏலம், ஒரு கல் உப்பு, மேலே துளி நெய். இட்லிப் பானையில் துணி போட்டு, பழத்தை நிற்க வைத்து, நிதானமான தீயில் அரை மணி. திறக்கும்போது தோல் சுருங்கியிருக்கும், பழம் அப்படியே நிற்கும், கரண்டி பட்டால் மட்டும் வழிவிடும். ஆடிப்பெருக்குக்கு எங்கள் வீட்டில் இதுதான் பண்டம். நான் இந்தக் கடிதம் எழுதுகிற இன்றைக்கும் நாலு பழம் பானையில் இருக்கிறது.

காயை எடுத்துப் பரணில் வைக்கோலுக்குள் வைத்தால் தீபாவளி வரை கெடாது. அதற்கு மேல் வைத்தால் கெடாவிட்டாலும் சதை மாவாகிவிடும். கெட்டுப்போகாததெல்லாம் நல்லதாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பார் அத்தை. அவர் பழத்தை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

மரத்துக்கு இன்னும் சில பழக்கங்கள் உண்டு. கிளையின் நுனியில் காய்க்கும், ஆகவே தெரியாதவர்கள் அழகுக்காக நுனியை வெட்டிவிட்டால் அந்த வருடம் காய் கிடையாது. மற்ற ரகங்கள் பூத்து முடிந்த பிறகு நிதானமாகப் பூக்கிற ரகம் இது. பனி கொட்டுகிற நாடுகளில் அதுவே இதன் பெரிய பலம், பின்பனியில் பூ கருகாமல் தப்பித்துவிடும். நமக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நமக்கு உதவுகிற குணம் வேறு. துணைக்கு வேறு ரக மரம் இல்லாவிட்டாலும் தன் பூந்தூளிலேயே காய்க்கும். அறுபது மைலுக்குள் இன்னொரு ஆப்பிள் மரம் இருந்ததா என்றே தெரியாத ஊரில் எங்கள் பூட்டி ஒண்டியாக நின்று காய்த்தது அதனால்தான்.

குளிர் இல்லாத ஊரில் எப்படிக் காய்த்தது என்று கேட்பீர்கள். ஆப்பிள் மரம் குளிரில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கி எழ வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே குளிர் இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் மணி நேரம் கேட்கிற ரகங்கள் உண்டு. தளியில் என்னதான் போர்வை போர்த்திக்கொண்டாலும் அந்தக் கணக்கு வராது. மாமா துரை தோட்டத்தில் கற்றுக்கொண்டு வந்த வித்தை இதுதான்: மரம் ஆழ்ந்து தூங்கப் போகும் முன்னாலேயே இலையை உருவிவிடுவது. மார்கழி பிறந்தால் தண்ணீரை நிறுத்துவார். தூரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் கிளறி வேரைக் காய விடுவார். அப்புறம் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஏணி போட்டு ஒவ்வொரு இலையாக எடுக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இழுத்தால் இலைக்காம்போடு கண்ணும் பிய்ந்து வந்துவிடும், மேல்பக்கமாகத்தான் உருவ வேண்டும். முதல் வருடம் நான் முப்பது கண்ணையாவது பிய்த்திருப்பேன். ஒட்டுக்காரர் மகளா நீ என்று மாமா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. முழு மொட்டையான மரத்துக்குச் சாணி எரு போட்டு, மண் அணைத்து, தண்ணீர் கட்டினால் தை கடைசியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். ஆடியில் பழம்.

இது எங்கள் மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். ஜாவா தீவில், நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், மலாங் பக்கத்து மலைக்காடுகளில் இதே ரோம் பியூட்டியை இதே மாதிரி இலையை உருவி வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். நாங்கள் ஒரு போகத்தோடு நிறுத்திக்கொள்வோம், இரண்டாவதுக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்காது.

இதைச் சொன்னது என் பேத்தி. தோட்டக்கலை படிக்கிறாள். 'ஆயா, நம்ம பூட்டியோட போட்டோ பாரு' என்று போனில் காட்டினாள். போட்டோ இல்லை, கையால் வரைந்த ஓவியம். அமெரிக்க விவசாயத் துறை, கேமரா சரியாக நிறம் பிடிக்காத காலத்தில், ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து 1886 தொடங்கிப் பல பத்தாண்டுகள் பழங்களை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேல் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ரகத்தின் பெயர். அதில் ரோம் பியூட்டியும் இருக்கிறது. உருண்டையும் நீளக் காம்பும் கோடும் எங்கள் பழமேதான், நிறம் மட்டும் எங்களுடையதைவிட நாலு மடங்கு சிவப்பு. மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் அடித்துச் சொல்ல முடியும் என்கிறாள் பேத்தி. செய்யட்டும். எனக்கு மாமா சொன்ன பெயரும் பழம் காட்டுகிற குணமும் ஒத்துப்போகிறது.

ரோம் என்றதும் நான் போப்பாண்டவர் ஊர் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஓர் ஊர்ப் பெயர் ரோம். 1817-ல் ஜோயல் கில்லட் என்ற விவசாயி மரியெட்டா என்ற ஊரிலிருந்த புட்னம் நாற்றங்காலில் ஆப்பிள் கன்று வாங்கினார். அதில் ஒரு கன்று மட்டும் கோணலாக, ஒட்டுக்குக் கீழேயிருந்து போத்து, அதாவது புதுக் கிளை, விட்டிருந்தது. ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், கீழேயிருந்து வருவது வேர்ச்செடியின் (ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கிற செடியின்) போத்து, காட்டு வாரிசு. மேலே கட்டிய நல்ல குச்சியின் சாப்பாட்டைத் தின்றுவிடும். எங்கப்பா பார்த்திருந்தால் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போயிருப்பார். கில்லட் அதைத் தன் மகனிடம் கொடுக்க, அவன் அதை ஆற்றங்கரையில் நட்டான். அந்தப் போத்து வளர்ந்து, யாரும் எதிர்பாராமல் சிவப்புப் பழமாகக் காய்த்தது. 1832-ல் அதற்கு ரோம் பியூட்டி என்று பெயர் வைத்தார்கள். தாய் யார், தகப்பன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த ரகத்து மரம் எங்கே நின்றாலும், ஒட்டின் மேல் ஒட்டாகப் பின்னால் போனால் அந்த ஆற்றங்கரை மரத்தில்தான் போய் முடியும். விதை போட்டால் வராது. ஆப்பிள் விதை ஒவ்வொன்றும் புதுசாக ஏதோ ஒன்றைத்தான் முளைக்க வைக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எல்லாப் போத்தையும் விட்டுப் பார்க்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

மாமா 1998-ல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் பூட்டியின் அடித்தண்டில் பட்டை வெடிக்க ஆரம்பித்தது, கணுவெல்லாம் பஞ்சுப் பூச்சி. வெள்ளைப் பஞ்சை ஒட்டியது போல் இருக்கும், நசுக்கினால் ரத்தம் மாதிரி விரலில் ஒட்டும். வேருக்குள்ளும் இறங்கி முடிச்சு முடிச்சாக்கிவிடும். வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அதே வருடம் மார்கழியில், இருபது வருடமாகத் தொடாத கத்தியை எடுத்தேன். மரத்தின் தூரில் கிளம்பியிருந்த போத்துகளை வேரோடு பிரித்துப் பைகளில் ஊன்றி, பிடித்தபின் அவற்றின் மேல் பூட்டியின் குச்சியைச் சீவி ஆப்பு ஒட்டாகக் கட்டினேன். ஏழு கட்டியதில் இரண்டு பிடித்தது. மாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்க வைத்த வீட்டுப் பெண்ணுக்கு இது கேவலமான கணக்குதான். ஆனால் அந்த இரண்டும் இன்று நிற்கின்றன. தாய் மரம் 2007 ஐப்பசி மழையில் காற்றுக்குச் சாய்ந்துவிட்டது.

இடையில் 2016-ல் என் பையன் ஓர் ஆளிடம் முப்பது கன்று வாங்கினான். எந்த நாற்றங்கால் என்று இங்கே சொல்லவில்லை. மினி லாரியில் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள், கன்று 350 ரூபாய். 'என்ன ரகம்?' என்றேன். 'ஊட்டி ஆப்பிள்மா' என்றார் வந்தவர். ஊட்டி ஊர்ப் பெயர், ரகம் என்ன என்றேன். 'நல்லா காய்க்கும்மா' என்றார். ஒட்டு எங்கே என்று தண்டைத் தடவிப் பார்த்தேன். பாதிக் கன்றுகளில் ஒட்டுத் தழும்பே இல்லை, சும்மா பச்சை நாடாவைச் சுற்றியிருந்தார்கள். மீதியில் மேல் குச்சி செத்துக் கீழ்ப் போத்துதான் தழைத்திருந்தது. பையனிடம் சொன்னேன். 'உனக்கு மாங்கன்றுதாம்மா தெரியும்' என்றான். ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றினோம். இரண்டே மரம் காய்த்தது, நெல்லிக்காய் அளவு, வாயில் வைத்தால் துவர்ப்பு. ஆடுகூட மோந்துவிட்டுப் போய்விட்டது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் கில்லட்டுக்கு அடித்த அதிர்ஷ்டம் முப்பது கன்று வாங்கிய எங்களுக்கு அடிக்கவில்லை.

அந்த வியாபாரி ஏன் பிழைக்கிறார் என்று யோசித்தால், பாதிக் குற்றம் 'ஆப்பிள்' என்று மட்டும் எழுதுகிற செய்திகள் மேல் விழுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் மட்டும் மூன்று பேர் ஆப்பிள் கன்று எங்கே கிடைக்கும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். என்ன ரகம் என்று கேட்டால் 'பேப்பர்ல வந்துச்சே, அது' என்கிறார்கள். அவர்களுக்கு நான் எதை வாங்கச் சொல்வது?

குளிர் அதிகம் கேட்காத ரகங்கள் இன்று இருக்கின்றன, எனக்கு அவற்றின் மேல் ஒரு காழ்ப்பும் கிடையாது. இமாச்சலத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.99, சமவெளிக்கு இறங்கி வந்திருக்கிற ரகம். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்னா என்பது இஸ்ரேலில் அப்பா ஸ்டெய்ன் என்பவர் உருவாக்கியது. (அப்பா என்பது அவர் பெயரேதான்.) டார்செட் கோல்டன் பஹாமா தீவிலிருந்து வந்தது. இதில் ஒரு முக்கியமான சங்கதி: அன்னாவைத் தனியாக நட்டால் நன்றாகக் காய்க்காது. அதே சமயத்தில் பூக்கிற டார்செட் கோல்டன் மாதிரி ஒரு துணை மரம் பக்கத்தில் இருக்க வேண்டும். பெயர் தெரிந்தால்தானே துணை தேடலாம்? படத்தில் இருந்த விவசாயியின் தோட்டத்தில் இருப்பது அன்னா என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து ஒருவர் அன்னாவை மட்டும் பத்துக் கன்று நட்டுவிட்டு நாலு வருடம் காத்திருந்தால் யார் பதில் சொல்வது? வேர்ச்செடியின் பெயர்கூடத் தேவை. மால்லிங் மெர்ட்டன் என்ற வரிசையில் வருகிற வேர்ச்செடிகளைப் பஞ்சுப் பூச்சி தாங்கும்படியாகவே உருவாக்கினார்கள். அன்றைக்கு அது மாமாவின் துரைக்குக் கிடைத்திருந்தால் பெங்களூர்த் தோட்டங்களின் கதை வேறு மாதிரிப் போயிருக்குமோ என்னமோ.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்த விவசாயியை இன்னொரு தடவை கேட்டு, அவர் நட்ட ரகம் என்ன, துணை மரம் உண்டா, எந்த மாதம் பூத்தது, இலை தானாக உதிர்ந்ததா அல்லது உருவினாரா என்று நாலு வரி போடுங்கள். இனி எந்தப் பழத்தைப் பற்றி எழுதினாலும் ரகத்தின் பெயர் இல்லாமல் செய்தியை அச்சுக்கு விடாதீர்கள். நிருபருக்கு ஒரு போன்காலில் முடிகிற வேலை.

வாசகர்களுக்கும் ஒன்று. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளின் கொல்லையில் ஒற்றை ஆப்பிள் மரம் யாருக்காவது இருந்தால், அது காய்க்காவிட்டாலும் பரவாயில்லை, வெட்டிவிடாதீர்கள். மாமாவைப் போல் அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நாலு பேராவது குச்சி கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஓர் இலை, ஒரு பழம், வீட்டில் அதற்கு என்ன பெயர் என்ற விவரம், மூன்றையும் இந்த நாளிதழ் அலுவலகத்துக்கு அனுப்பினால் அவர்கள் எனக்குச் சேர்ப்பிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆசிரியர் மறுக்க மாட்டார்.

எனக்கு அறுபத்தேழு முடிந்துவிட்டது. கத்தி பிடித்தால் கை லேசாக நடுங்குகிறது, பேத்திக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மார்கழி கடைசியில் இரண்டு மரத்துக்கும் இலை உருவுவோம், அன்றைக்கே குச்சியும் வெட்டுவோம். வேண்டுகிறவர்கள் வரலாம், காசு வேண்டாம். ஈரத்துணியும் வாழை மட்டையும் கொண்டுவர வேண்டும், வெட்டிய குச்சி காயக் கூடாது. வேர்ச்செடியை அவரவர் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்க வேண்டும், அதற்கு என்னைக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலும் நான் ஒரு சீட்டுக் கட்டிக் கொடுப்பேன், 'ரோம் பியூட்டி, தளி' என்று. கன்று வளர்ந்து அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அந்தச் சீட்டும் கூடப் போக வேண்டும்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம், சென்ற ஆடியில் சுவரேறிக் குதித்துப் பழம் பறித்தவர்களே போதும். முகவரி தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தூர் ஒட்டுக்காரர் மகள்,
தளி அருகே, கிருஷ்ணகிரி மாவட்டம்.